ஒரே வீட்டில் இரண்டு ஜெசிந்தா

ஒரே வீட்டில் இரண்டு ஜெசிந்தா ஆகாது என்று, லைட்ஹவுஸ் குப்பத்தில் கால்வைத்த அன்றைக்கே மருமகளின் பெயரை மாற்றிவிட்டார்கள். மாமியாரும் ஜெசிந்தாதான். மகன் ஜான் பெண்டாட்டியை அதட்டினால் பெற்றவளைப் பேர் சொல்லி அதட்டியதாகிவிடுமே! அதனால் அவள் பிலோமினா ஆனாள். அன்பாகத்தான் கூப்பிட்டார்கள், அவளும் முகம் கோணவில்லை.

மெட்ராஸ் கம்பெனியில் மட்டும் அவள் ஜெசிந்தா. கம்ப்யூட்டருக்கு டிரைவர் எழுதுகிறேன் என்று அவள் சொன்னபோது, "லாரி ஓட்டுறவனுக்கு நீ இன்னாத்தடி எழுதுவே?" என்று மாமியார் கேட்க, வீடே சிரித்தது.

கல்யாண லீவுக்கு முன் அவள் முடித்தது சின்ன வேலை. கம்ப்யூட்டரின் அடிப்படை நிரலான கெர்னலுக்குள், டிஸ்க்கை இயக்க ஒரு டிரைவர், பிரிண்டரை இயக்க ஒரு டிரைவர். கருவியின் பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பது என்ற மாறிலியை இரண்டும் பொதுக் கோப்பிலிருந்து ஒரே பெயரில் எடுத்தன. பிரிண்டருக்காக யாரோ அந்த எண்ணைக் கூட்டிவைக்க, டிஸ்க் தடுமாறும்போதெல்லாம் இயந்திரமே உறைந்து நின்றது. அவள் அதைப் பொதுவிலிருந்து நீக்கி, அதனதன் மாறிலியை அதனதன் கோப்புக்குள்ளேயே, வெளியே தெரியாதபடி வைத்தாள். அந்த நிரலை வாங்க வருகிறவர்களிடம் அவளே இதை விளக்கிவிட்டால் வேலை நிரந்தரம் என்றார் மேனேஜர். நாள் மட்டும் தெரியவேண்டியிருந்தது.

அவள் சுண்ணாம்புக்குளத்தில் தாய்வீட்டுக்குப் போயிருந்தபோது, பழவேற்காடு ஷாகுல் ஹமீது கடைக்குப் போன் வந்தது. திங்கட்கிழமை ஜெசிந்தா மெட்ராஸ் ஆபீஸுக்கு வரவேண்டும் என்று அவர் ஜானிடம் சொல்லியனுப்பினார். ஜான் அதை வீட்டில் அப்படியே சொன்னான். மாமியாருக்குக் கால் தரையில் பாவவில்லை. வலை பின்னும் பெண்கள் சங்கத்துக்குத் தன்னைத் தலைவியாக்கச் சொல்லி மெட்ராஸில் ஓர் அதிகாரியிடம் மனு கொடுத்திருந்தார்; அழைப்பு அங்கிருந்துதான் என்று நினைத்தார்.

திங்கள் மாலை மருமகள் திரும்பியபோது, மாமியார் மெட்ராஸ் போய்வந்த பட்டுப்புடவையோடு சோர்ந்து உட்கார்ந்திருந்தார். "ஜெசிந்தாவ நாங்க கூப்பிடவே இல்லேன்றாங்கடி பிலோமினா."

அது தன் கம்பெனி போன் என்று அவளுக்குப் புரிந்தது. தெரியாதா என்று ஜானைத் தனியே இழுத்துக் கேட்டாள்.

"அப்பவே தெரியும்," என்றான் அவன்.

"அப்புறம் இன்னாத்துக்கு வாயத் தொறக்கல?"

"அம்மா அவ்ளோ சந்தோசப்பட்டாங்க. இந்த வூட்ல ஜெசிந்தான்னா அவங்கதானே. அது உனக்கில்லம்மான்னு எப்படிச் சொல்றது?" கூடவே, "நீயும் இங்கயே இருந்துட்டா இன்னா கொறஞ்சிடும்?" என்றான்.

மறுநாள் காலை ஜானோடு தோணியில் ஏரி கடந்து, ஷாகுல் ஹமீது கடையிலிருந்து கம்பெனிக்குப் போன் செய்தாள். மேனேஜர் கோபப்படவில்லை. வந்தவர்கள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல ஆளில்லையாம். வம்பு எதற்கு என்று மாறிலியைப் பழையபடி பொதுக் கோப்பிலேயே வைத்துவிட்டார்களாம். கல்யாணமான பெண் இனி வரமாட்டாள் என்று நினைத்து, அவள் இடத்துக்கும் வேறு ஆள் போட்டாயிற்றாம்.

திரும்பும் தோணியில் ஜான் தன் பக்கத்தில் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தான். திருப்பாலைவனத்தில் அவன் வாத்தியாராக இருக்கும் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலை காலி என்று உற்சாகமாகச் சொன்னான். அவள் எதிர்ப்பலகையில் போய் உட்கார்ந்தாள். அடுத்து ஏறியவர்கள், காலியாக இருந்த இடத்தில் இறால் கூடைகளை வைத்தார்கள்.