யார் கையில் இருந்தார்

1

இந்தக் கதை எனக்குக் கடையில் கிடைத்தது. பேரம் பேசாமலே கிடைத்தது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

காஞ்சிபுரத்தில் பட்டுக்கடை வைத்த குடும்பம் எங்களுடையது. ஒரு நாள் ஒரு அக்காவும் தம்பியும் வந்தார்கள். தம்பிக்குக் கல்யாணம், பெண் கிரேஸுக்கு வெள்ளைப் பட்டு. கரையில் சன்னமாய்ச் சரிகை, முந்தியில் வேண்டாம், உடம்பில் பூ கூடாது என்று அக்கா சொல்லி முடித்தாள். எங்கள் விற்பனையாள் பழனி வழக்கம்போல "சரிம்மா" என்றார்.

"சரின்னா? நான் என்ன சொன்னேன்னு திருப்பிச் சொல்லுங்க."

"இன்னாம்மா, புடவ வாங்க வந்தியா, ஒப்பிக்கச் சொல்ல வந்தியா?"

கடையே சிரித்தது. தம்பி மட்டும் தலையைக் குனிந்துகொண்டான். கதை அந்தக் குனிதல்தான். அதன் பிறகு அவர்கள் பேசியதில் பாதி என் காதில் விழுந்தது. மீதி நான் சேர்த்த சரிகை.*

* அசலா என்று கேட்காதீர்கள். கேட்டால் எங்கள் குடும்பத்தில் எல்லோரும் ஒரே குரலில் "அசல்" என்போம்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

வானம் எல்லையற்றது என்று நினைப்பவர்கள்

அடித்துவிட்டேன். அந்த அக்கா, ஷாரோனுடைய வேலையில் வானமே கிடையாது. ஜன்னல் இல்லாத குளிர் அறை, கறுப்புத் திரை, காதில் மாட்டும் ஹெட்செட், அவ்வளவுதான். அவள் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர். காஞ்சிபுரத்தை ஒட்டிய செவிலிமேட்டிலிருந்து சென்னைக்குப் போய் வருகிறாள்.

வானத்தைப் பிரிவு பிரிவாகப் பங்கு போட்டிருக்கிறார்கள். தன் பிரிவின் எல்லையை ஒரு விமானம் நெருங்கினால், அடுத்த பிரிவில் உட்கார்ந்திருப்பவரிடம் ஒப்படைக்க வேண்டும். அவர் ஏற்கும்வரை விமானத்தின் பெயர் திரையில் மினுங்கிக்கொண்டே இருக்கும். ஏற்ற பிறகு, இனி எந்த அலைவரிசையில் பேச வேண்டும் என்று விமானியிடம் சொல்ல வேண்டும். விமானி அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் மறுபடி. வெறுமனே 'கேட்டது' என்றால் செல்லாது. கேட்டது வேறு, ஏற்றது வேறு.

இது புரிய எனக்கு விமானம் தேவைப்படவில்லை. விலையைச் சொன்னதும் "சரி" என்று தலையாட்டிவிட்டு, நேரே எதிர்க்கடைக்குள் நுழைகிறவர்களைப் பார்த்தே வளர்ந்தவன் நான்.

3

அவர்களுடைய அப்பா தேவசகாயத்தை முதலில் நெசவாளியாக்கி வைத்திருந்தேன். காஞ்சிபுரம் என்று பெயர் போட்டால் தறிச் சத்தம் இருந்தால்தான் வெளியூரில் விற்கும் என்ற வியாபார புத்தி. [அழிக்கவும்.] அவர் டவுன் பஸ் கண்டக்டர். ஓய்வு பெற்ற பிறகு, மனைவியும் போன பிறகு, நினைவு அவரை விட்டு ஒவ்வொரு நிறுத்தமாக இறங்கிக்கொண்டே இருந்தது. கடைசிவரை இறங்காதது விசிலும் "ரைட்"டும்தான்.

அவரைத் தனியாக விட முடியாது. பகலில் வேலைக்குப் போகும் அக்காவும், இரவு ஷிப்டு முடித்துத் திரும்பும் தம்பி கிறிஸ்டோபரும் காலையில் அவரைக் கை மாற்றிக்கொள்வார்கள். வழக்கமாக வாசலில் நின்று, முகம் பார்த்து.

4

அன்று காலை ஷாரோனுக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. ஆட்டோ வந்து நின்றது. அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"எல்லாரும் ஏறிட்டாங்களாம்மா?"

"ஏறிட்டாங்கப்பா."

"அப்ப ரைட்."

தம்பி சாவி எடுத்துப் போகவில்லை. அதனால் கேட்டைப் பூட்டாமல் கொண்டி மட்டும் போட்டாள். ஆட்டோவிலிருந்தே போன் செய்தாள்.

"கிறிஸ்டி, எங்க இருக்குற? அப்பா எழுந்துட்டாரு, நாஷ்டா குடுத்துட்டேன். நான் கெளம்பிட்டேன், நீ பாத்துக்க."

"சரிக்கா."

அந்த நிமிடமே எதிரில் அவனுடைய கம்பெனி பஸ் செவிலிமேட்டை நோக்கிப் போனது. கண்ணால் பார்த்தாள், காதால் கேட்டாள். போதாதா? போதும் என்றுதான் நானும் நினைத்திருப்பேன்.

அந்தச் "சரிக்கா"வைத் தூக்கம் சொல்லியிருந்தது. ஸ்ரீபெரும்புதூரில் இரவெல்லாம் நின்ற கால்களுடன் ஜன்னலில் தலை சாய்த்திருந்தவன், போனைக் காதில் வைத்தான், வாய் பழக்கத்தில் பதில் சொன்னது, மறுபடி தூங்கிவிட்டான். பஸ் அவனைச் செவிலிமேட்டில் இறக்காமல், பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி வெகுதூரம் கொண்டு போனது. விழித்து, வேறு பஸ் பிடித்து வீடு வந்தபோது கேட் திறந்திருந்தது. அப்பா இல்லை. அக்கா போன் செய்ததே நினைவில் இல்லை. 'லேட்டாச்சுன்னு பட்டம்மாள் அத்த வீட்ல வுட்டுட்டுப் போயிருப்பா' என்று நினைத்துப் படுத்துவிட்டான்.

ஷாரோனின் போன் வேலையறைக்கு வெளியே பெட்டியில் பூட்டிக் கிடந்தது. உள்ளே அவள் ஒவ்வொரு விமானமாக ஒப்படைத்துக்கொண்டிருந்தாள். ஒரு விமானி அலைவரிசை எண்ணைத் தப்பாகத் திருப்பிச் சொன்னார். திருத்தினாள். இன்னொருவர் 'கேட்டது' என்று மட்டும் சொன்னார். விடவில்லை, முழுதாகச் சொல்ல வைத்தாள். அன்று அவள் கையிலிருந்து ஒன்றுகூடத் தவறவில்லை.

பிற்பகல், பாலத்தடியில், ஆற்று மணலில்

இந்த வாக்கியத்தை நான் முடிக்கப்போவதில்லை. பங்குனி வெயில். உட்கார்ந்தபடியே இருந்தாராம்.

5

மறுபடி கடை. பழனி புடவை எடுக்க உள்ளே போயிருக்கிறார். அடக்கம் முடிந்து ஒரு வருடமாக அக்காவும் தம்பியும் இதை உட்கார்ந்து பேசியதே இல்லை.

"புடவ கெடக்கட்டும்க்கா. ஒண்ணே ஒண்ணு சொல்லு. அன்னிக்கு அப்பா யார் கையில இருந்தாரு? உன் கையிலயா, என் கையிலயா?"

"இங்கயா கேப்ப? கடையில ஆளுங்க இருக்குறாங்கடா."

"வீட்ல கேட்டா எழுந்து போயிடுற. இத நீ சொல்லாம நான் மால மாத்த மாட்டேன். கிரேஸ் கைல சொல்லிட்டேன்."

எழுதியவனிடம் மூன்று முடிவுகள் இருந்தன. விரித்துக் காட்டுகிறேன்.

"உன் கையிலதான்" என்று அக்காவைச் சொல்ல வைத்தேன். தம்பி கடை வாசல் படியில் போய் உட்கார்ந்துவிட்டான். அவனை எழுப்பிக் கல்யாணத்துக்குக் கூட்டிப் போக என்னால் முடியவில்லை.

"என் கையில" என்று சொல்ல வைத்தேன். அவள் தொழில் விதிப்படி அதுதான் பதில்: மற்றவர் திருப்பிச் சொல்லாதவரை நம் கையில்தான். பெருந்தன்மையான முடிவு, வாசகருக்குக் கண் கலங்கும் என்று நினைத்தேன். கிறிஸ்டோபர் ஒப்பவில்லை. "எல்லாத்தையும் நீயே தூக்கிக்கினா நான் யாருக்கா அந்த வீட்ல? அவுரு எனக்கும் அப்பாதான?" என்றான். இதை நான் எழுதவில்லை. அவனே சொன்னான்.

மூன்றாவது: "ரெண்டு பேர் கையிலயும்." இது எங்கள் கடை முடிவு. நீ கொஞ்சம் இறங்கு, நான் கொஞ்சம் ஏறுகிறேன். ஆனால் ஷாரோனின் திரையில் ஒரு விமானம் ஒரே நேரத்தில் இரண்டு பேர் கையில் இருக்க முடியாது. இரண்டு பேர் கையில் என்றால் யார் கையிலும் இல்லை என்று அர்த்தம். அன்று காலை நடந்தது அதுதானே.

6

பழனி வந்துவிட்டார். அவருக்கு எதுவும் தெரியாது. புடவையை விரித்து, விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார்.

"வெள்ள. கரையில சன்னமா சரிகை. முந்தில வேணான்னே. உடம்புல பூ கூடாதுன்னே. எல்லாம் நீ சொன்னமேரியே இருக்குதும்மா."

முழுதாகத் திருப்பிச் சொன்னார். ஒன்றுகூட விடவில்லை.

ஷாரோன் "சரி" என்று சொல்ல வாயைத் திறந்தாள். அந்தச் சொல் வரவில்லை. வெள்ளைப் பட்டில் ஈரம் படாமல் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தம்பி அவள் பக்கத்திலேயே நின்றான். கேட்ட கேள்வியைத் திரும்பப் பெறவும் இல்லை, இன்னொரு முறை கேட்கவும் இல்லை.

என் எல்லை இங்கே முடிகிறது. அவள் தம்பிக்குச் சொல்ல வேண்டிய பதிலை உங்களிடம் ஒப்படைக்கிறேன். தயவுசெய்து "சரி" என்று மட்டும் சொல்லிப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்கள் வாயால் திருப்பிச் சொல்லுங்கள்: ஒரு அக்கா, ஒரு தம்பி, கொண்டி மட்டும் போட்ட ஒரு கேட், எல்லாரும் ஏறிவிட்டார்கள் என்று நம்பிய ஒருவர்.

நீங்கள் சொல்லும்வரை அவர்கள் என் கையில்தான். அந்தக் குளிர் அறையில் ஒரு வழக்கம் உண்டாம். வேலையை மாற்றிக் கொடுத்தவர் உடனே எழுந்து போக மாட்டார். புதிதாக வந்தவருக்குப் பின்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார், பேசாமல்.

உட்கார்ந்திருக்கிறேன்.