பதினோரு டப்பா

மிஞ்சிய சாப்பாட்டை வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளத் தெருவுக்குப் பொதுவாக வைத்திருந்த குளிர்பெட்டியின் கதவு அன்று காலை இரண்டு விரல் அகலம் திறந்து கிடந்தது. உள்ளே தொங்கிய வெப்பமானி பத்தொன்பது டிகிரி காட்டியது. நான்கைத் தாண்டவே கூடாது.

யார் செய்த வேலை என்று, பெட்டியைக் கவனித்துக்கொள்ளும் பக்கத்துக் கடைத் தையற்காரி தேட வேண்டியிருக்கவில்லை. முந்தின நாள் சாயங்காலம் ஓர் அலுவலக உணவகத்தில் மிஞ்சிய சோறும் பருப்பும் பதினோரு டப்பாக்களில் வந்தன. ஒன்பதுதான் பிடிக்கும் தட்டில், ஒன்றைக்கூடத் திருப்பி அனுப்ப மனமில்லாமல், பதினொன்றையும் திணித்தவள் அவள். கதவை முழங்காலால் தள்ளியது நினைவிருந்தது. சாத்திக்கொண்டதா என்று பார்த்தது நினைவில்லை. எதையும் மறுபடி மறுபடி சரிபார்ப்பதால் தெருவே அவளை ‘ரெண்டாந்தடவை’ என்று கேலி செய்யும்.

பெட்டியின்மேல் அவளே எழுதி ஒட்டிய விதி இருந்தது: சந்தேகம் வந்தால் உரக்குழிக்கு. அதன் பக்கத்தில் பலகை: வீணானது 0. தொண்ணூற்றொன்பது நாளாக அந்தச் சுழியை யாரும் அழிக்கவில்லை. நாளைக்கு நூறு. தங்கள் தெருவிலும் இப்படி ஒன்று வைக்க, நாலைந்து தெருக்காரர்கள் பார்க்க வருகிறார்கள்.

பழைய பெட்டியைப் பழுது பார்த்துக் கொடுத்த எலக்ட்ரீஷியன், தெருவுக்குக் கரண்ட்டு அண்ணன், ஒரு டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்கு. குப்பைக்குப் போற சோறு பூமியைச் சூடாக்குதுன்னு வீடு வீடா சொன்னவளே நீதான். இப்ப நீயே கொட்டுவியா?”

“ராத்திரி பூரா திறந்திருந்திருக்கு, அண்ணே.”

“உனக்கு உன் நிழலைப் பார்த்தாலும் சந்தேகம், ரெண்டாந்தடவை.”

அவர் கதவை அழுத்திச் சாத்தினார். ஒன்பது மணிக்கு வெப்பமானி நான்குக்கு இறங்கியது. மறுபடி குளிர்ந்ததால் கெட்டது நல்லதாகிவிடாது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் தன் பயத்தை நம்பி எத்தனை தடவை அசடு வழிந்திருக்கிறாள். நோட்டில் ‘4’ என்று எழுதினாள். எழுத்து அழகாகவே விழுந்தது.

எடுக்க வருகிறவர்களின் முகத்தைப் பார்ப்பதில்லை, பெயர் கேட்பதில்லை என்பது அங்கே வழக்கம். அதற்காகவே பக்கத்துக் கடையில் அவள் தன் தையல் இயந்திரத்தைச் சுவரைப் பார்த்துப் போட்டிருந்தாள். அன்றும் முதுகைக் காட்டி உட்கார்ந்து கதவுச் சத்தத்தை மட்டும் கேட்டாள். ஒவ்வொரு ‘டப்’புக்கும் தையலை நிறுத்தி எண்ணினாள். மூன்று மணிக்குள் எட்டுத் தடவை.

பொறுக்காமல் எழுந்து போனாள். ஒரே ஒரு டப்பா மிச்சமிருந்தது. மேலே இருந்த சோறு பொலபொலவென்றுதான் இருந்தது. அடியில் கரண்டியை விட்டுத் தூக்கியபோது பருப்பு நூலாக இழுபட்டது.

அதை உரக்குழியில் கொட்டினாள். சுழியை உள்ளங்கையால் அழித்து, 11 என்று எழுதினாள். கரண்ட்டு அண்ணன் ஓடி வந்தார்.

“ஒண்ணுதானே போச்சு?”

“பத்து வெளிய இருக்கு, அண்ணே. யாருகிட்டன்னு எப்படிக் கேக்கறது?”

முகங்களைப் பார்க்கக் கூடாது என்று விதி போட்டவர் அவர்தான். சாப்பிட வேண்டாம் என்று இருவரும் அட்டைகளில் எழுதி ஒட்டினார்கள். பிறகு அவர் தெருவின் அந்தக் கோடிக்கும் அவள் இந்தக் கோடிக்குமாகக் கதவு கதவாகத் தட்டிப் போனார்கள். ‘நாங்க அங்கெல்லாம் எடுக்கறதில்ல’ என்றார்கள் எல்லா வீட்டிலும். சிலர் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

ஐந்து மணிக்கு, கடைசியாக, தான் குடியிருக்கும் வீட்டின் மாடி ஏறினாள். அங்கே அவளுடைய அக்கா குடும்பம். சமையலறைத் தொட்டி ஓரத்தில் மூன்று டப்பாக்கள் கழுவிக் கவிழ்த்திருந்தன. மூன்றிலும் அவள் எழுதிய தேதிச் சீட்டு.

அக்கா முந்தானையில் கையைத் துடைத்தாள். “மாமாவுக்கு வேலை போய் ரெண்டு மாசமாச்சு. உங்கிட்ட எப்படிச் சொல்றது? எதையும் ரெண்டு தடவை பாக்கறவ, உன் கையெழுத்து இருந்தா பயமில்லன்னு எடுத்தேன்.”

“யாரு சாப்பிட்டீங்க?”

“மாமாவுக்கு எடுத்து வச்சிருக்கேன், இன்னும் வரல. நான் கொஞ்சம். பாப்பாதான் நிறைய.”

ஆறு வயதுப் பாப்பா கூடத்தில் முழங்காலை வயிற்றோடு ஒடுக்கிப் படுத்திருந்தாள். விளையாடிய களைப்பு என்றாள் அக்கா. தையற்காரி நெற்றியைத் தொட்டாள். மறுபடி தொடவில்லை. பாப்பா கண்ணைத் திறக்காமலே, “சித்தி, வயிறு,” என்றாள்.

“அக்கா, செருப்பைப் போடு. ஆஸ்பத்திரிக்கு.”

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு படி இறங்கும்போது அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். மூன்று இங்கே. இன்னும் ஏழு.