ஊஞ்சல்காரி போட்ட கையெழுத்து

பழைய போஸ்டர்களைச் சோதித்துச் சுத்தம் செய்து தருவது போஸ்டர்காரர் தொழில். ஒன்று வந்தால் அவர் முதலில் பார்ப்பது படத்தை இல்லை, கொண்டுவந்தவன் மூஞ்சியை. அப்புறம்தான் மடிப்பு, ஓரம், முதுகு எல்லாம். கையெழுத்து வேறு இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், பொய் என்றுதான் ஆரம்பிப்பார்.

அன்றைக்கு வந்தது தங்கச்சி புருஷன். சின்ன வயசில் சர்க்கஸில் வலை பிடித்ததாகவும், ஊஞ்சல்காரி கை நழுவி விழுந்தபோது தன் மூலைதான் தாங்கியது என்றும் ஆயுசு முழுக்கச் சொல்லிவந்த ஆள். வீட்டில் ஒருத்தரும் நம்பியதில்லை. "இவரு புளுகைப் பிடிக்கத்தான் வலை வேணும்" என்பாள் பெண்டாட்டி. அதற்கு முதலில் சிரிப்பவர் போஸ்டர்காரர்.

மாப்பிள்ளை சுருளைப் பிரித்தார். "தொலைஞ்சுதுன்னு நெனச்சேன் மச்சான், பரண்ல கெடந்திருக்கு. அந்தம்மா எனக்குப் போட்டுக் குடுத்த கையெழுத்து. நெசம்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா உங்க தங்கச்சி வாயடைச்சுரும்."

"நான் சொல்றதுக்கு மொதல்ல அது நெசமா இருக்கணும்ல மாப்ளே."

ஓரமெல்லாம் கிழிசல். நடுமடிப்பில் சாயம் உதிர்ந்திருந்தது. படத்தில் ஊஞ்சலாடும் பெண். அவள் காலடியில் நெளியும் ஊதாக் கயிறு. அதை உரசிக்கொண்டு ஊதாவிலேயே கையெழுத்து. கண் மங்கிவிட்டதை ஒத்துக்கொள்ளாத மனுஷன், பஞ்சை நனைத்துக் கையெழுத்தின் வாலில் ஒற்றினார். பேனா மை என்றால் பஞ்சில் ஏறும். ஏறவில்லை.

"அச்சு. எல்லா போஸ்டர்லயும் இதே கையெழுத்து இருக்கும்."

"என் கண்ணு முன்னாடி போட்டாங்க மச்சான்!"

"உங்க கண்ணு என்னென்னமோ பாத்திருக்கு மாப்ளே. விடுங்க, படம் நல்லாருக்கு. கழுவித் தரேன், மாட்டிக்குங்க."

மாப்பிள்ளை ஸ்டூலில் உட்கார்ந்தார்.

போஸ்டர்காரர் அகலத் தட்டில் தண்ணீர் ஊற்றிப் போஸ்டரை இறக்கினார். பழுப்பு அழுக்கு மெல்லப் பிரிந்தது. கூடவே தண்ணீரில் ஒரு ஊதாப் புகை. அவர் பதறி வெளியே எடுத்து, உறிஞ்சுதாளை வைத்து அழுத்தினார். தாளில் ஊதா மட்டும் வந்தது. போஸ்டரில் கயிறு அப்படியே இருந்தது; அதற்கு மேலே, கையெழுத்து இருந்த இடத்தில், வெறும் காகிதம். அவர் வால் என்று ஒற்றிப் பார்த்தது அந்தக் கயிற்றைத்தான்.

மாப்பிள்ளை பக்கத்தில் வந்து நின்றார். "அச்சு கரையுமா மச்சான்?"

"கரையாது."

"அப்ப?"

"நெசம்தான் மாப்ளே. நான்தான் கழுவிட்டேன்... என்ன மன்னிச்சிருங்க."

மாப்பிள்ளை செருப்பை மாட்டினார். "கெளம்புங்க. உங்க தங்கச்சிகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா இதுவும் புளுகும்பா."

போஸ்டர்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு பின்னால் நடந்தார். கையெழுத்து நெசம், ஆனால் காட்டுவதற்கு இல்லை: தெரு நெடுக அதைத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். இப்படி ஒரு கதையோடு எவனாவது தன்னிடம் வந்திருந்தால் வாசலோடு அனுப்பியிருப்பார்.