குழாய்க்குள் அடைத்த காற்று

அவள் கணவரின் பிக்கப் வண்டியில் டயர் காற்று குறைந்தால் எரியும் மஞ்சள் விளக்கு ஒரு மாதமாக எரிந்தது. டயர் கடைக்காரர் தெளிவாகத்தான் சொன்னார்: "பின் டயர்ல காத்து மெல்ல இறங்குதுங்க. டயரை மாத்திடுங்க."

இருபது வருடம் குழாய் வேலை பார்த்த அவள் கணவருக்கு இன்னொருவர் புத்தி சொன்னால் பிடிக்குமா? டயர்களுக்குள் காற்றை அளக்கும் நான்கு சென்சார்களையும் தானே கழற்றி, ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் போட்டு, இரு முனையையும் அடைத்து, அதில் டயருக்கு வேண்டிய முப்பத்தைந்து பி.எஸ்.ஐ. அளவுக்குக் காற்றை ஏற்றி, சீட்டுக்குப் பின்னால் படுக்க வைத்தார். விளக்கு அணைந்தது. மனிதருக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

"காய்ச்சக்காரனை விட்டுட்டு கட்டிலுக்கு தெர்மாமீட்டர் வச்ச மாதிரி இருக்கு," என்றாள் அவள்.

"உனக்கென்ன தெரியும்?" கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்டுப் புளித்த பதில்.

மறுவாரம் இருவரும் சாமான் வாங்கப் போகையில் வண்டி இடது பக்கமாக இழுத்தது.

"இறங்கி டயரைப் பாருங்க."

"மீட்டர்ல நாலு டயர்லயும் முப்பத்தஞ்சு காட்டுது. ரோடுதான் கோணல்."

ரோடு மேலும் ஒரு கிலோமீட்டர் கோணலாகவே இருந்தது. பிறகு இறங்கிப் பார்த்தால், பின் டயர் கந்தலாகக் கிழிந்து தொங்கியது.

வரவழைத்த டயர் கடைக்காரர் குனிந்து பார்த்துவிட்டு, "காத்தே இல்லாம எப்படிங்க ஓட்டுனீங்க?" என்று கேட்டார். கணவர் வானத்தைப் பார்த்தார்.

அவள் சீட்டுக்குப் பின்னாலிருந்து குழாயை உருவிக் கடைக்காரர் கையில் கொடுத்தாள்.

"காத்தெல்லாம் இதுக்குள்ள பத்திரமா இருக்குங்க. இதையே மாட்டி விடுங்க."