ருமானி மரத்தில் அரை அங்குலத் துளை

எங்கள் வீட்டு மாமரத்தைப் பற்றி யாராவது எனக்குப் பாடம் எடுக்க வந்தால் சும்மா விடமாட்டேன். பன்னிரண்டாம் வகுப்புக்குத் தாவரவியல் நடத்துகிறவள் நான். அஸ்தினாபுரத்தில் தோப்பை அழித்து மனை போட்டபோது ஒரே ஒரு மனையில் மட்டும் ஒரு ருமானி மரம் தப்பி நின்றது. அதற்காகவே அந்த மனையை வாங்கினேன். என் வீட்டுக்காரர் எலியேசருக்கு பஸ் ஸ்டாப்பை ஒட்டிய வேறொரு மனைதான் பிடித்திருந்தது. நான் பேசி முடித்தபோது அவருக்கும் இதுவே பிடித்துப்போயிருந்தது.

குடிவந்து பதினொரு வருஷம் ஆகியிருந்தது. மரத்துக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். எங்கள் தெருவில் புரட்டாசி வந்தால் ஆள் விட்டு மரங்களை மொட்டையடிப்பார்கள். மழைக்கு முன்னால் பாரத்தைக் குறைக்கிறார்களாம். மொட்டையடித்த இடத்தில் கொத்துக் கொத்தாகக் கிளம்புகிற கிளைகளுக்குப் பிடிப்பே கிடையாது, அடுத்த பெரிய காற்றுக்கு அவைதான் முதலில் முறியும் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். என் மரத்தில் காய் இறங்கியதும் காய்ந்த குச்சிகளையும் ஒன்றோடொன்று உரசுகிற கிளைகளையும் மட்டும் எடுப்பேன். சருகைக் கொளுத்த விடமாட்டேன். அடிமரத்தைத் தொடாமல் சுற்றிலும் பரப்பி வைப்பேன். ஐப்பசியில் வேரடியில் தண்ணீர் தேங்காதபடி வாய்க்கால் வெட்டித் தெருவுக்கு விடுவேன். மரமும் நான் சொன்னபடி கேட்டுக்கொண்டு நன்றாகவே இருந்தது.

தகராறு எல்லாம் கிழக்குக் கிளையால்தான். அது எங்கள் பின்னறையின் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு மேலே போய், பக்கத்து வீட்டுக் குப்புராஜின் மாட்டுக்கொட்டகை வரை நீண்டிருந்தது. இந்த மனைகள் எல்லாமே ஒருகாலத்தில் குப்புராஜ் குடும்பத்து நிலம். இப்போது அவர் குரோம்பேட்டையில் செங்கலும் சிமெண்டும் விற்கிறார். சருகு விழுந்து கொட்டகைக் கூரையில் தண்ணீர் நிற்கிறது, கிளையை எடுத்துவிடுங்கள் என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மரத்தின் பாதிக் காய் அந்தக் கிளையில்தான். முடியவே முடியாது என்று சொல்லிவிட்டேன்.

தொண்ணூற்று நான்கு செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை. சருகை ஒதுக்கிக்கொண்டிருந்தபோது அடிமரத்தின் பின்பக்கம், முழங்கால் உயரத்தில் ஒரு துளை கண்ணில் பட்டது. கீழே மரத்தூள். தண்டுத் துளைப்பான் என்றுதான் நினைத்தேன். உள்ளேயே இருந்துகொண்டு முழு மரத்தையும் தின்று தீர்க்கிற புழு அது. பழைய சைக்கிள் கம்பி ஒன்றை விட்டுக் கிண்டினேன். புழு வரவில்லை. பழுப்பாக, பிசுபிசுவென்று ஒரு கட்டி வந்தது. மோந்து பார்த்தேன். பெருங்காயம்.

மரத்தில் துளை போட்டுப் பெருங்காயம் வைத்தால் மரம் பட்டுப்போகும் என்று எங்கள் பக்கத்தில் எல்லோரும் நம்புகிறார்கள். என் மரத்துக்கு அதெல்லாம் ஒரு ஏப்பத்துக்குக் காணாது. ஆனால் வைத்தவனுடைய எண்ணம் கொலைதானே. செருப்புகூடப் போடாமல், கையில் அந்தக் கட்டியோடு நேரே குப்புராஜ் வீட்டுக்குப் போனேன்.

வாசலில் நின்றபடியே கத்தினேன். போலீசுக்குப் போவேன் என்றேன், கோர்ட்டுக்குப் போவேன் என்றேன். அவர் மனைவி பச்சையம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவள் வாளியோடு அப்படியே நின்றுவிட்டாள். குப்புராஜ் நான் மூச்சு வாங்கும்வரை காத்திருந்தார். பிறகு இரண்டு பேருமாக என்னோடு வந்தார்கள். அவர் மரத்தடியில் குந்தி, துளைக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார்.

“இது எங்க நைனா வச்ச மரம் டீச்சர். எனுக்கு வோணாம்னா கோடாலிய எத்துகினு உங்க வாசலுக்கே வருவேன். இன்னாத்துக்கு ஒளிஞ்சுகினு வரணும்? இந்தத் தொளையப் பாருங்க, எவ்ளோ உருண்டையா கீது. நான் ஆணி அடிச்சாவே கோணலா பூடும்.”

பச்சையம்மா என் கையிலிருந்த கட்டியைப் பார்த்தாள். தங்கள் வீட்டில் தூள் பெருங்காயம்தான், கட்டி வாங்குவதே இல்லை என்று தணிந்த குரலில் சொன்னாள்.

அப்போதுதான் கீழே கிடந்த தூளைச் சரியாகப் பார்த்தேன். புழு அரைத்த மாவு இல்லை அது. சுருள் சுருளாக, சுத்தமாக வந்திருந்தது. அரை அங்குல டிரில் பிட். என் வீட்டுக்காரர் கிண்டி தொழிற்பேட்டையில் டூல் ரூம் போர்மேன். போன வாரம் பெருங்காய டப்பா எப்படிக் காலியானது என்று நான் அடுக்களையில் தேடியதும் நினைவுக்கு வந்தது. குப்புராஜிடம் மன்னிப்புக் கேட்டேன் என்று எழுத ஆசைதான். “சரி, சரி” என்பதுதான் வாயில் வந்தது.

என் வீட்டுக்காரர் கூடத்தில் உட்கார்ந்து ஸ்கூட்டர் பிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். கட்டியை அவர் முன்னால் வைத்தேன். நிமிர்ந்து பார்த்தார். மறுக்கவில்லை.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?” என்றேன்.

“சொன்னேன் சீலி. மூணு தடவை சொன்னேன். மூணு தடவையும் நீ கிளாஸ் எடுத்த.”

நான் அவர் எதிரே உட்கார்ந்தேன். அவரே தொடர்ந்தார்.

“மழை வந்தா அந்த ரூம்ல எனக்குப் படுக்க முடியல. தலைக்கு நேர் மேல கிளை ஷீட்டை உரசிக்கிட்டே இருக்கும், எப்ப முறிஞ்சு மேல விழுமோன்னு இருக்கும். முதுகு வலின்னு சொல்லிட்டு ஹால்ல வந்து படுத்துப்பேன். மரம் தானா பட்டுப்போச்சுன்னா, உன்கூடப் பேசி ஜெயிக்க வேண்டிய வேலை இல்லைன்னு நினைச்சேன். தப்புதான்.”

பிளக்கை மறுபடியும் துடைக்க ஆரம்பித்தார். அது ஏற்கெனவே பளபளவென்று இருந்தது. எனக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். வெட்கமாக இருந்தது. முதுகு வலி என்று நம்பி பதினொரு மழைக்காலமாகத் தைலம் தேய்த்துவிட்டிருக்கிறேன். மரத்தின் ஒவ்வொரு இலையையும் புரட்டிப் பார்க்கிறவளுக்கு வீட்டில் ஒரு மனுஷன் பயந்துகொண்டிருந்தது தெரியவில்லை. அவர் மரத்துக்குப் பயந்ததைவிட என் வாய்க்குத்தான் அதிகம் பயந்திருக்கிறார்.

மறுநாள் சர்ச் முடிந்து வந்ததும் அவரை மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எதை எடுக்க வேண்டுமோ நீங்களே சொல்லுங்கள் என்றேன். மரத்தையே எடுக்க வேண்டுமென்றாலும் சரி என்றேன். பேச்சுக்குச் சொல்லவில்லை. அவர் தலையசைத்திருந்தால் எடுத்திருப்பேன்.

அவர் மரத்தை மேலும் கீழுமாகப் பார்த்தார். சுற்றி வந்து, தான் போட்ட துளையருகே கொஞ்சநேரம் நின்றார்.

“மரம் இருக்கட்டும் சீலி. கூரை மேல இருக்கறதை மட்டும் எடுத்துடு.”

கிழக்குக் கிளை. அவ்வளவு தடித்த கிளையை எடுத்தால் வெட்டிய இடம் மூடவே ஏழெட்டு வருஷமாகும், மரத்தின் பாரம் ஒரு பக்கமாகப் போய்விடும், பாதிக் காய் போய்விடும். எல்லாம் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். சரி என்றேன்.

எதை வெட்டுவது என்பதுதான் அவர் முடிவு. எப்படி வெட்டுவது என்பதில் நான் யாரையும் கேட்கவில்லை. குப்புராஜிடம் போய், முந்தின நாள் பாக்கி வைத்த மன்னிப்பையும் கேட்டு, உதவியும் கேட்டேன். “அத்த வுடுங்க டீச்சர்” என்று வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ரம்பத்தோடு அவரே ஏறினார். கிளையை நுனியிலிருந்து துண்டு துண்டாக எடுக்கச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் முதலில் அடிப்பக்கம் கொஞ்சம் அறுத்துவிட்டுப் பிறகு மேலிருந்து அறுக்கச் சொன்னேன். அப்படிச் செய்தால்தான் பட்டை உரியாது. கடைசித் துண்டை அடிமரத்தோடு ஒட்ட அறுக்காமல், கிளை புறப்படுகிற இடத்திலிருக்கும் புடைப்பை விட்டுவிட்டு அறுத்தார். தார் பூசலாமா, சாணி பூசலாமா என்று பச்சையம்மா கேட்டாள். எதுவும் வேண்டாம், மரமே மூடிக்கொள்ளும் என்றேன். கயிற்றைப் பிடித்து ஒவ்வொரு துண்டாக இறக்கியவர் என் வீட்டுக்காரர். கூரையில் ஒரு ஷீட்கூட விரிசல் விடவில்லை. மாலையில் அவர் கையைப் பார்த்தால் உள்ளங்கை முழுக்கக் கயிறு அறுத்திருந்தது. தைலம் தேய்த்துவிட்டேன், இந்த முறை வலிக்கிற இடத்தில்.

ஐப்பசியில் புயல் வந்தது. பள்ளிக்கு லீவு. காலையிலிருந்தே ஜன்னலை விட்டு நான் நகரவில்லை. எதிர்வீட்டில் போன வருஷம் மொட்டையடித்த முருங்கை நடுவில் முறிந்து தொங்கியது. என் மரம் முழுக்கக் குனிந்து குனிந்து நிமிர்ந்தது. கிழக்குப் பக்கம் வெறிச்சென்று வானம் தெரிந்தது. அந்த ஓட்டையைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும். மத்தியானம் இவரைச் சாப்பிடக் கூப்பிடலாம் என்று தேடினேன். கூடத்தில் இல்லை. பின்னறைக் கதவைத் தள்ளிப் பார்த்தேன். ஷீட்டின்மேல் மழை காது கிழிகிற மாதிரி கொட்டிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே மல்லாந்து படுத்து, வாய் திறந்து, குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்.

சோறு ஆறிப்போகும் என்று சொல்லி எழுப்ப வாயெடுத்தேன். அப்புறம் சொல்லாமல் கதவைச் சாத்திவிட்டு வந்து, அவர் எழுந்திருக்கும்வரை பசியோடு உட்கார்ந்திருந்தேன்.