நூற்று அறுபதாவது காய்

1979 டிசம்பர் 12, புதன்கிழமை

இன்று ஒரு சிறு தவறு செய்தேன். உக்கிரபாண்டி அண்ணன் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதி வைத்திருந்த மனுவைத் தட்டச்சு செய்தபோது நான்கு வரிகளை விட்டுவிட்டேன். தெரிந்தேதான் விட்டேன். மனு ஒரே பக்கத்தில் முடிய வேண்டும் என்பது எங்கள் மாலை வகுப்பு மாஸ்டர் வெள்ளைத்துரையின் சட்டம். "ரெண்டாம் பக்கத்தை ஆபீசுல எவன் புரட்டுறான்?" என்பார். இடது ஓரம், இரட்டை இடைவெளி, கீழே கையெழுத்துக்கு இடம் எல்லாம் சரியாக அமைந்துவிட்டது. மாஸ்டர்கூடத் தாளைத் தூக்கிப் பார்த்துத் தலையாட்டினார். ஆனாலும் மனம் ஒப்பவில்லை. அதனால் குறித்து வைக்கிறேன்.

பகலில் நான் போடி ஏலக்காய் மண்டியில் காய் பொறுக்குகிறேன். என் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்குபவர் சிலமலை மூக்கம்மாள் பெரியம்மா. அவர் மகன் பால்பாண்டி எழுபத்தொன்றாம் வருட யுத்தத்தில் ராஜஸ்தான் எல்லைக்குப் போய்த் திரும்பவில்லை. இறந்ததாகவும் தகவல் இல்லை. படையை விட்டு ஓடியவன் என்று பட்டாளத்துத் தாளில் எழுதியிருக்கிறது. வருகிற ஜனவரி 26 அன்று சிலமலைப் பள்ளிக்கூட வாசலில், யுத்தத்தில் இறந்த சுற்றுவட்டாரத்து ஆட்களின் பெயர் பொறித்துக் கல் நடப் போகிறார்கள். அதில் பால்பாண்டி பெயர் இல்லை.

"குழாயடியில ஒருத்தி கேக்குறா, ஓடிப்போனவன் எந்த ஊர்ல எவளோட குடும்பம் நடத்துறானோ, அவனுக்குக் கல்லு ஒரு கேடான்னு" என்று பெரியம்மா போன வாரம் சொன்னார். சொல்லும்போதும் கை நிற்கவில்லை. வெடித்த காய் ஒரு பக்கம், கறுத்த காய் ஒரு பக்கம் போய்க்கொண்டே இருந்தது.

மண்டி வாசலில் காவல் இருக்கும் உக்கிரபாண்டி அண்ணன் காதில் அது விழுந்துவிட்டது. அவரும் பால்பாண்டியும் ஒரே ரோந்தில் இருந்தவர்கள். வெயிலும் மணலும் கண்ணைக் கெடுத்துவிட்டதால் பொடி எழுத்து அவருக்குத் தெரியாது. எட்டு வருடமாக யுத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத மனிதர், "தாயி, நோட்டைக் கொண்டா" என்று, பால்பாண்டி பெயரைக் கல்லில் சேர்க்கக் கேட்டு மனு எழுத என்னைக் கூப்பிட்டார். மூன்று நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் சொல்லி முடித்தார்.

அவர் சொன்னது இது. பாலைவனத்தில் அடையாளம் என்று எதுவும் கிடையாது. நேற்றுப் பார்த்த மணல் மேடு இன்று அங்கே இருக்காது. பகலில் கண் கூசும். விடியும் முன் குளிரில் விரல் துப்பாக்கியோடு ஒட்டிக்கொள்ளும். ரொட்டியில் மணல், கண் இமையில் மணல். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பாட்டில் தண்ணீர். திசைக்குக் காம்பஸ் உண்டு. தூரத்துக்கு ஒருவன் காலடியை எண்ண வேண்டும். எட்டுப் பேரில் அந்த வேலை பால்பாண்டிக்கு. நூறு எட்டு வைத்ததும் ஓர் ஏலக்காயை வலது பையிலிருந்து இடது பைக்கு மாற்றுவான். காய் அவன் ஆத்தா தபாலில் அனுப்பியது.

"ஒரு காயத் தின்னுருவோம்டான்னா விடமாட்டான். 'அண்ணே, நீ தின்னா நூறு எட்டு கொறஞ்சிரும், அப்புறம் பாகிஸ்தான்லதான் போயி நிப்போம்'பான். காஞ்ச வாயோட சிரிப்போம்."

கடைசியாகப் போன ரோந்தில், கிணற்றுக்குக் கிழக்கே இருநூறு காய் தூரம் நடந்து, பிறகு வடக்கே திரும்ப வேண்டும். நூற்று அறுபதாவது காயில் ஆபீசர் நிறுத்தினார். வந்தாயிற்று, இங்கேதான் வடக்கே திரும்ப வேண்டும் என்றார். இன்னும் நாற்பது காய் பாக்கி என்று பால்பாண்டி சொன்னான். ஏலக்காயை வைத்தா எனக்கு வழி சொல்கிறாய் என்று ஆபீசர் சிரித்தார். திரும்பினார்கள். கிணறு இல்லை. மறுநாள் தண்ணீர் தீர்ந்ததும் அதே ஆபீசர், "உன் கணக்குதானே சரி? நீயே போய்க் கொண்டா" என்று நான்கு காலி பாட்டில்களைக் கழுத்தில் மாட்டி அவனைத் தனியாக அனுப்பினார். மதியம் மணற்காற்று எழுந்தது. அவன் வரவில்லை. மற்றவர்களை அடுத்த நாள் ஒரு ஜீப்பு கண்டுபிடித்தது.

நான் விட்ட நான்கு வரிகள் காயும், ஆபீசர் சொன்னதும்தான். அரசாங்க மனுவில் ஏலக்காயைப் பற்றி எழுதினால் சிரிப்பார்களே என்று நினைத்தேன். ஆபீசரைக் குறை சொன்னால் கோபப்படுவார்களோ என்றும் பயந்தேன். "பால்பாண்டி தண்ணீர் தேடிச் சென்றார், திரும்பவில்லை" என்று சுருக்கமாக முடித்தேன். அண்ணன் கையெழுத்துப் போட்டார். நான் படித்துக் காட்டவில்லை. அவரும் கேட்கவில்லை.

1980 ஜனவரி 9, புதன்கிழமை

சிறு தவறு என்று எழுதியிருந்தேன். 'சிறு' என்பதை இன்று கோடு போட்டு அடித்துவிட்டேன்.

மனு அனுப்பிய மதுரை ஆபீசிலிருந்து பதில் வந்தது. மதியம் மண்டி வாசலில் வைத்து நான்தான் படித்தேன். "மேற்படி நபர் தண்ணீர் தேடித் தாமாகவே பிரிந்து சென்றதை மனுதாரரே ஒப்புக்கொண்டுள்ளார். ஆகவே பெயரைச் சேர்க்க இயலாது."

உக்கிரபாண்டி அண்ணன் இன்னொரு முறை படிக்கச் சொன்னார். படித்தேன்.

"நான் எங்கடி ஒப்புக்கிட்டேன்? அனுப்புனாங்கன்னுல்ல சொன்னேன்!"

"பால்பாண்டி அண்ணன் காய் எண்ணுன கணக்கயும், ஆபீசர் அனுப்புனதயும் நான் எழுதல அண்ணே. பக்கம் பத்தல."

"பக்கம் பத்தலயா?"

என்னை அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் தன் நெற்றியில் அறைந்துகொண்டார். "ஆஸ்பத்திரில கண்ணுல கட்டோட கெடந்தேன். ஒரு தாளக் கொண்டாந்து, சும்மா ஒரு கையெழுத்துன்னாங்க. என்ன எழுதியிருந்துச்சுன்னு கேக்கல, போட்டேன். ஒரு வருசங் கழிச்சுத்தான் தெரிஞ்சது, அவன் ஓடிட்டான்னு எழுதி எங்கிட்டயே சாட்சி வாங்கியிருக்கானுங்க. இந்தா, மறுபடியும் அதே சோலியத்தான பாத்துருக்கேன்!"

மூக்கம்மாள் பெரியம்மா முறத்தோடு பின்னால் நின்றதை நாங்கள் பார்க்கவில்லை.

"எட்டு வருசமா ஒனக்கு டீ வாங்கிக் குடுத்தேனேடா" என்றார். குரல் உயரவில்லை. "எம் மகனுக்கு என்ன ஆச்சுன்னு ஒனக்குத் தெரியுமா அப்புன்னு கேட்டப்பல்லாம் தெரியாது ஆத்தான்னியே."

"எந்த மொகத்த வச்சு ஆத்தா சொல்லுவேன்?"

"இப்ப இருக்குற மொகத்த வச்சுத்தான் சொல்லணும். என் மகன் காய எண்ணுனானா? அவன் கணக்குச் சரியா?"

"சரி ஆத்தா. எங்களத் தேடி வந்த ஜீப்புக்காரனே சொன்னான், கெணறு இன்னும் கெழக்கேன்னு."

"அப்ப அத எழுதச் சொல்லு. எம் மகன் முட்டாளும் இல்ல, ஓடுகாலியும் இல்ல." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏ ராமுத்தாயி, தாளுக்கு என்னடி பஞ்சம்? காய்ச் சாக்குல ஒட்டுற தாளு கெடக்கு, வேணுமா?"

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. மனுவில் இல்லாததை ஒப்புக்கொண்டான் என்று எழுதும் ஆபீஸ் மீது கோபம். தாமாகவே என்ற சொல் நான் அடித்த தாளில் எங்குமே இல்லை. நகலை எடுத்து மூன்று முறை பார்த்தேன். ஓர் ஆளைச் சாகவிட்டு, அவன் அம்மாவைக் குழாயடியில் தலைகுனிய வைத்த அந்த ஆபீசர் இப்போது எங்கேயோ சௌகரியமாக இருப்பார். இந்தக் கோபத்துக்கு எனக்கு உரிமை உண்டா என்றும் சந்தேகம். அவர்கள் சொல்லைச் சேர்த்தார்கள், நான் சொல்லை எடுத்தேன். ஆனாலும் கோபம் குறையவில்லை.

மாலை வகுப்பில் மாஸ்டரிடம் சொன்னேன். "ரெண்டு பக்கமானா படிக்க மாட்டானுங்க, தாயி" என்றார்.

"ஒரு பக்கத்தையும் படிக்கல சார். அடுத்தது எத்தனை பக்கம் வந்தாலும் அடிப்பேன்" என்றேன். எனக்கே என் குரல் அதிசயமாக இருந்தது. அவர் புது கார்பன் தாள் இரண்டு எடுத்துக் கொடுத்தார்.

நாளை வேலை: மண்டியில் விடுப்புச் சொல்ல வேண்டும். காலையில் வகுப்பைத் திறந்ததும் நோட்டிலுள்ளது முழுவதையும் அடிக்க வேண்டும், காய் எண்ணிக்கை, ஆபீசர் சொன்னது உட்பட. இன்று அண்ணன் சொன்ன ஆஸ்பத்திரிக் கையெழுத்தையும் சேர்க்க வேண்டும். பெரியம்மாவையும் அண்ணனையும் உட்கார வைத்து உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். அதன் பிறகே பேனாவைக் கொடுக்க வேண்டும். பதினோரு மணி பஸ்சில் மூன்று பேரும் மதுரை போய், மனுவை நேரில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்க வேண்டும்.