தகட்டுக்குள் பெய்யும் மழை

"மறுபடியும் தொண்ணூறு," என்றாள் அண்ணி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "உன் கார்டை வச்சு துணி தேய்க்கலாம்."

அண்ணி என் அண்ணனின் மனைவி. வீட்டில் எங்களுக்கு ஒரே சமையலறை, அலுவலகத்தில் ஒரே மாடி. நாங்கள் வேலை பார்க்கும் நிறுவனம் கிராபிக்ஸ் கார்டு செய்கிறது. கையில் எடுத்தால் செங்கல் மாதிரி கனக்கிற, விலை உயர்ந்த கார்டுகள். அவற்றின் சூட்டைத் தணிக்கும் பாகத்தை வரைவது என் வேலை. வரைந்து வந்ததை மணிக்கணக்கில் ஓடவிட்டு வாட்டி எடுப்பது அவள் வேலை. ஒரு கார்டு தேறவில்லை என்றால் நாத்தனார் சண்டை தொடங்கிவிட்டது என்று மாடி முழுக்கச் சிரிப்பார்கள். எல்லா வீட்டிலும் நாத்தனார்தானே அண்ணியைப் படுத்துவாள், இங்கே தலைகீழாக இருக்கிறதே என்று ஒருவர் கேட்டார். அண்ணி அவரைத் திரும்பிப் பார்த்த பார்வைக்குப் பிறகு அவர் எங்கள் அறைப் பக்கமே வருவதில்லை.

அன்று சிரிப்பு வரவில்லை. சாயங்காலம் வரைபடம் பாகங்களைச் செய்யும் பட்டறைக்குப் போக வேண்டும். ஒன்று என் கார்டு போகும், மெலிந்தது, இரண்டே ஃபேன். இல்லையென்றால் பழைய கார்டே போகும், மூன்று ஃபேன் வைத்த குண்டு. மேலாளருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் 'ஆகட்டும்'. அண்ணி சோதிக்கும் கம்ப்யூட்டர் பெட்டியில் தேறினால் உன்னுடையது, தேறாவிட்டால் பழையது, ஆகட்டும் என்று காலையில் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நல்ல செய்திக்கும் கெட்ட செய்திக்கும் அவருக்கு ஒரே முகம்.

என் கார்டின் உயிர் ஒரு செம்புத் தகட்டில் இருந்தது. உள்ளங்கை அகலம், உள்ளே வெற்றிடம், அதில் சில சொட்டுத் தண்ணீர். சிப் சூடானதும் தண்ணீர் ஆவியாகி எதிர்ச்சுவருக்குப் போகும். அந்தச் சுவருக்கு வெளியே அலுமினியத் தகடுகளும் ஃபேன்களும் இருப்பதால் அங்கே குளிர்ந்து மறுபடி தண்ணீராகும். பிறகு சிப் பக்கம் திரும்ப வேண்டும். மூடிய செம்புக்குள், யார் கண்ணிலும் படாமல், ஓயாமல் ஒரு மழை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் நான் அந்த மழையைத்தான் நினைத்துக்கொண்டிருப்பேன்.

என் மேஜையில் அதே கார்டு அறுபத்தெட்டு டிகிரியைத் தாண்டியதில்லை. அண்ணியின் பெட்டிக்குள் போனால் தொண்ணூறு. சிப்புக்கும் தகட்டுக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் பேஸ்ட் சரியாகத் தடவவில்லை என்று நான் சொன்னேன். அவள் என் கண்ணெதிரே துடைத்துப் புதிதாகத் தடவினாள். ஸ்க்ரூ தளர்வு என்றேன். ஸ்க்ரூடிரைவரை என் கையில் கொடுத்து நீயே இறுக்கு என்றாள். இறுக்கினேன். தொண்ணூறு.

அப்போதுதான் பெட்டி தடதடவென்று ஆடத் தொடங்கியது. அடியில் ஒரு ரப்பர் கால் கழன்றிருந்தது. டெஸ்டை நிறுத்த மனமில்லாமல், ஓடிக்கொண்டிருந்த பெட்டியை அப்படியே பக்கவாட்டில் மெதுவாகச் சாய்த்துப் படுக்கவைத்து, அண்ணி அந்தக் காலை அழுத்திப் பொருத்தினாள். நான் வேறு வேலையில்லாமல் திரையைப் பார்த்தேன்.

எண்பத்தொன்று. எழுபத்தாறு. எழுபது.

"அண்ணி, நிமிர்த்தாதீங்க. அப்படியே விடுங்க."

"என்ன உடைச்சேன்?"

"ஒண்ணும் உடைக்கலை. இங்க பாருங்க."

அறுபத்தெட்டில் நின்றது. பெட்டியை நிமிர்த்தினோம், ஏறியது. படுக்கவைத்தோம், இறங்கியது. பிறகு ஊஞ்சல் கிடைத்த பிள்ளைகள் மாதிரி நிமிர்த்துவதும் படுக்கவைப்பதுமாக இருந்தோம். அண்ணியின் கொண்டை அவிழ்ந்துவிட்டது, அவள் கவனிக்கவே இல்லை.

என் மேஜையில் கார்டைச் செருகும் மதர்போர்டு தட்டையாகக் கிடக்கும், கார்டு அதன்மேல் செங்குத்தாக நிற்கும். படுத்த பெட்டியிலும் அப்படித்தான். நிமிர்ந்த பெட்டியில் கார்டு படுத்துக்கொள்ளும், சிப் மேலே, தகடு அதற்குக் கீழே தொங்கும். அதாவது தண்ணீர் தரையில் தேங்கி, தீ கூரையில் எரிகிறது. தண்ணீர் மேலே ஏறியாக வேண்டும். அதற்குத்தான் தகட்டுக்குள் குட்டிக் குட்டித் தூண்கள் வைத்து, செம்புத்தூள் ஒட்டச் சொல்லியிருந்தேன். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைப் போல அந்தத் தூள் வழியாகத் தண்ணீர் ஏறும்.

"ஏறலைன்னா தூணுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அண்ணி ரம்பத்தை எடுத்தாள்.

மிச்சமிருந்த மாதிரித் தகடுகளில் ஒன்றை அறுத்தோம். உஸ் என்று காற்று உள்ளே போனது. சுவரில் செம்புத்தூள் மணல் போலப் படிந்திருந்தது. தூண்களில் ஒரு துகள் இல்லை. கண்ணாடி மாதிரி பளபளத்தன. குனிந்து பார்த்தேன், ஒவ்வொரு தூணிலும் கோணல்மாணலாக என் முகம்.

"யாரு இவ்வளவு அழகா பாலிஷ் போட்டது?" என்றாள் அண்ணி.

நான்தான். முதலில் வந்த மாதிரித் தகடு சொரசொரவென்று, விளிம்பெல்லாம் கரடுமுரடாக இருந்தது. இவ்வளவு விலைக்கு விற்கும் பொருள் இப்படியா இருப்பது என்று கோபப்பட்டு அதைத் தள்ளிவிட்டு, வரைபடத்தில் ஒரு வரி சேர்த்தேன்: வெளிப்புறமும் தூண்களும் வழவழப்பாக இருக்க வேண்டும். பட்டறைக்காரர்கள் தூண்களில் தூளே ஒட்டாமல், சொன்னதை அப்படியே செய்திருக்கிறார்கள்.

"அந்த முதல் மாதிரி எங்க?" என்றேன். கேட்கும்போதே நினைவு வந்துவிட்டது. அண்ணிக்கும் வந்துவிட்டது. அவள் ஏற்கெனவே போனைக் காதில் வைத்திருந்தாள்.

தள்ளிவிட்ட தகட்டை வீட்டுக்கு எடுத்துப் போனவள் அவள்தான். ஃப்ரீசரிலிருந்து எடுக்கும் எதை அதன்மேல் வைத்தாலும் மளமளவென்று உருகிவிடும். தகட்டைப் புரட்டி வைத்தாலும், சாய்த்து வைத்தாலும் உருகும். அதிசயம் என்று அண்ணனிடம் காட்டிக்காட்டி மகிழ்வாள். எப்படி வைத்தாலும் அதற்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்திருக்கிறது.

"அடுப்புப் பக்கத்துல செம்புத் தகடு இருக்கும். எடுத்துக்கிட்டு உடனே ஆபீசுக்கு வாங்க. இல்ல, உங்களுக்கு விளக்கினா புரியாது, வாங்க."

அண்ணனுக்கு அன்று விடுமுறை. வீட்டுச் செருப்போடு, தகட்டை ஒரு துண்டில் பச்சைக் குழந்தை போலச் சுற்றிக்கொண்டு வந்து நின்றான். அதன்மேல் இரண்டு பட்டாணி ஒட்டிக்கொண்டிருந்தன. அண்ணி ஸ்பிரிட்டில் தேய்த்தாள், நான் பேஸ்ட் தடவினேன், இருவரும் ஆளுக்கொரு பக்கமாக ஸ்க்ரூவை இறுக்கினோம். பெட்டியை நிமிர்த்தி வைத்தோம். மேலாளர் வந்து பின்னால் நின்றது எனக்குத் தெரியவே இல்லை.

ஐம்பது. அறுபது. அறுபத்தேழு. என் கை அண்ணியின் கையைப் பிடித்திருந்தது, அல்லது அவள் கை என்னுடையதை. அறுபத்தொன்பது. நின்றது. அண்ணி வேலையை இன்னும் ஏற்றினாள். எழுபது. மறுபடி அறுபத்தொன்பது.

மேலாளர் ஃபேன் காற்றில் கையை நீட்டிப் பார்த்தார். ஸ்பிரிட்டுக்கும் போகாத ஒரு பச்சைக் கறை தகட்டு விளிம்பில் இருப்பதைக் கவனித்து, இது என்ன என்று கேட்டார்.

"சமையலறையில டெஸ்ட் பண்ணினது சார்," என்றாள் அண்ணி. "பல மாசமா."

அவர் பட்டறைக்குப் போன் போட்டார். பழையது வேண்டாம், புது வரைபடம் வருகிறது, ஒரே ஒரு வரி மாறும் என்றார். பிறகு என்னைப் பார்த்து, "ஆகட்டும்," என்றார். அப்போதுதான் அவருக்கு இரண்டாவதாக ஒரு முகமும் உண்டு என்று கண்டுபிடித்தேன்.

அண்ணன் வெறும் துண்டோடு நின்றுகொண்டிருந்தான். "அப்போ தகடு?"

"அது இனிமே இங்கதான்."

"ராத்திரிக்குப் பட்டாணி?"

"மொட்டை மாடியில வெயில்ல வைங்க," என்றாள் அண்ணி. "உங்க தங்கச்சி வேற ஒண்ணு பண்ணித் தருவா. அசிங்கமா பண்ணுன்னு நான் சொல்லிக்கிறேன்."

நான் வரைபடத்தைத் திறந்து அந்த வரியை அழித்தேன். வெளிப்புறம் மட்டும் வழவழப்பு, தூண்களுக்குத் தூள் பூச்சு, கை வைக்க வேண்டாம் என்று எழுதி அனுப்பினேன். பிறகு யாரும் பார்க்காதபோது, அந்த மழை கேட்கிறதா என்று பெட்டியின் மேல் காதை வைத்தேன். ஃபேன் சத்தம்தான் கேட்டது. ஆனாலும் கொஞ்ச நேரம் காதை எடுக்கவில்லை.